இரு முகடும் நடுப்பள்ளமும்

அளவைக் கருவியைத் தோளில் சுமந்தபடி ஜிஸ்மி நடுப்பள்ளத்துக்குள் இறங்கிய அன்று, முருகேஸ்வரி பூண்டுப் பாத்திக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தாள். வட்டவடையிலிருந்து வரும் ஜீப் பாதை மேற்கு முகட்டின் அடியிலேயே முடிந்துவிடும். முகட்டை ஏறிக் கடந்து இறங்கினால் நடுப்பள்ளம். கிழக்கே இன்னொரு முகடு. அதற்கும் அப்பால் சரிந்து போவது தமிழ்நாட்டுக் காடு. இரண்டு முகடுகளுக்கும் இடையில் சில வீடுகள், பூண்டு, கேரட், வீடுகளுக்கு மேலே சரிவெல்லாம் கிராண்டிஸ் என்கிற யூகலிப்டஸ் மரங்கள்.

ஜிஸ்மி கேரளத்தின் சர்வேக்காரி. கிழக்கு முகட்டில் மஞ்சள் பூசிய கல் ஒன்றை நட்டுவிட்டு வந்து, முருகேஸ்வரி கொடுத்த பாலில்லாத கட்டன்சாயாவைக் குடித்தாள்.

“பேடிக்க வேண்டாம் சேச்சி. பழைய திருவிதாங்கூர் மேப்பில எல்லை அந்தக் கிழக்கு முகடாக்கும். உங்க வீடு கேரளத்தில்தான்.”

அந்தக் கல் நிலைக்கவில்லை. அந்தப் பக்கத்துத் தமிழ்நாட்டு வனக்காவலன் நவீன்குமார் ஆட்களோடு வந்து அதைப் பிடுங்கிச் சரிவில் உருட்டிவிட்டான். பிறகு பள்ளத்தைக் கடந்துபோய் மேற்கு முகட்டுப் பாறையில் சிவப்புப் பெயின்ட் அடித்தான். திரும்புகிற வழியில் முருகேஸ்வரியின் புருஷன் சுடலைமணியைக் கூப்பிட்டான்.

“அண்ணே, மெட்ராஸ் மேப்புல எல்லை மேற்கு முகடு. நீங்க குடியிருக்கது ரிசர்வ் காட்டுக்குள்ள. இனிமே ஒரு மரத்துல கைய வச்சாலும் கேசுதான்.”

“எங்கய்யா காலத்துலருந்து இங்கதான் இருக்கோம். ரெண்டு மேப்பையும் யாரு சார் போட்டது?” என்றான் சுடலைமணி.

“ரெண்டையும் போட்டது வெள்ளைக்காரந்தான். ராஜாவும் கம்பெனியும் எழுதிக்கிட்ட உடன்படிக்கையில, நீர் பிரியுற முகடு எல்லைன்னு இருக்காம். எந்த முகடுன்னு எழுதல. ஒருத்தன் இதுல கோடு போட்டான், இன்னொருத்தன் அதுல போட்டான்.” நவீன்குமார் சிரிக்கவில்லை. “மேல ஏறிப் பாத்தானோ என்னமோ, யாரு கண்டா.”

அதற்குப் பிறகு பள்ளத்தில் ஒவ்வொன்றாக நின்றுபோனது. கரண்டுக்கு நட்டுவந்த கம்பங்கள் மேற்கு முகட்டோடு நின்றன. வட்டவடை வில்லேஜ் ஆபீசில் கரம் என்கிற நிலவரியைக் கட்டப் போனவர்களிடம், பிறகு வாருங்கள் என்றார்கள். பகலில் நிமிர்ந்து பார்த்தால் இரண்டு முகட்டிலும் காக்கிச் சட்டைகள் தெரிந்தன. அவர்கள் கீழே இறங்குவதில்லை, சத்தம் போடுவதுமில்லை. நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்கள். பாத்தியில் குனிந்து களை பறிக்கும்போதுகூட முருகேஸ்வரிக்கு முதுகு கூசியது.

பக்கத்து வீட்டு வேலுத்தாய் ஒருநாள் கதவைப் பூட்டினாள். மூணாறில் மகள் வீட்டுக்குப் போகிறாளாம்.

“ரெண்டு பேரும் நமக்காகச் சண்டை போடுதான்னு நெனைச்சுக்கிட்டு இருக்கியா முருகேசு? நம்ம தலைக்கு மேல நின்னு அவன் மூஞ்சிய இவன் பாக்கான், இவன் மூஞ்சிய அவன் பாக்கான். நாம எவன் கண்ணுலயும் இல்ல. நீயும் கெளம்பிரு.”

“பூண்ட எடுத்துட்டுப் பாக்கேன் மதினி” என்றாள் முருகேஸ்வரி.

மாசி முடியப்போகிற ஒரு மத்தியானம் கிழக்குச் சரிவில் புகை எழுந்தது. எப்படிப் பிடித்தது என்று யாருக்கும் தெரியவில்லை. காய்ந்த கிராண்டிஸ் இலை எண்ணெய் ஊற்றினாற்போல் எரிந்தது. காற்று பள்ளத்தைப் பார்த்து அடித்தது.

முருகேஸ்வரி முதலில் நவீன்குமாருக்குப் போன் செய்தாள். “யக்கா, அந்த எடத்துல எங்க ஆளு கால வைக்கக் கூடாதுன்னு கேரளாக்காரன் எழுதிக் குடுத்திருக்கான். மேல கேட்டிருக்கேன். உத்தரவு வரட்டும்.” அடுத்து ஜிஸ்மிக்குப் போட்டாள். “சேச்சி, நான் எல்லாரையும் விளிச்சுட்டேன். தமிழ்நாட்டுக்காரங்க சம்மதம் இல்லாம முகட்டைக் கடந்தா பிரச்சினையாகும்னு சொல்றாங்க.” ஜிஸ்மியின் குரல் அழுவதுபோல் இருந்தது.

முருகேஸ்வரி வாசலுக்கு வந்து பார்த்தாள். கிழக்கு முகட்டில் ஒரு கூட்டம், மேற்கு முகட்டில் ஒரு கூட்டம். நடுவில் தீ இறங்கிக்கொண்டிருந்தது.

“நின்னா வீடு போயிரும். வெட்டிருவோம்” என்றான் சுடலைமணி.

“கேசு போடுவாம்லா?”

“போடட்டும்.”

மீதமிருந்த வீட்டுக்காரர்கள் எல்லாரும் அரிவாளோடு ஏறினார்கள். சுடலைமணி மரமறுக்கும் மெஷினை எடுத்துக்கொண்டான். வீடுகளுக்கு மேலே மரங்களைச் சாய்த்து, சருகை வாரி, தீ தாண்ட முடியாத அகலத்துக்குத் தரையை வெறுமையாக்கினார்கள். கண் எரிந்தது, இருமல் நிற்கவில்லை. முருகேஸ்வரியின் சேலைத் தலைப்பில் பொறி விழுந்து, அணைத்த கை வெந்து பொத்துப்போனது. தீ அந்த வெட்டவெளி வரைக்கும் வந்து உறுமிவிட்டு அடங்கியது.

மறுநாள் காலையில்தான் இரண்டு கூட்டமும் இறங்கி வந்தன. யாருக்கு என்ன ஆயிற்று என்று எவரும் கேட்கவில்லை. அடிக்கட்டைகளை மட்டும் படம் எடுத்தார்கள், ஒரே கட்டையை இவர்களும் அவர்களும். மேலே கட்டைகளுக்கு நடுவில் புகைகிற சருகை மிதித்து அணைத்துக்கொண்டிருந்த சுடலைமணியை நவீன்குமாரின் ஆட்கள் பிடித்துக் கிழக்கு முகட்டுக்கு அப்பால் கொண்டுபோனார்கள். முருகேஸ்வரி ஓடி ஏறுவதற்குள் அவர்கள் மறுபுறம் இறங்கிவிட்டார்கள். கீழே வந்தால், மரம் வெட்டிய கேசில் தேவிகுளம் கோர்ட்டுக்கு வரச்சொல்லி அவள் பெயருக்குக் கேரளக் கூட்டம் ஒரு தாக்கீதை நீட்டியது.

கோர்ட்டு வாசலில் ஜிஸ்மி காத்திருந்தாள். “சேச்சி, குற்றம் சம்மதிச்சுடுங்க. சின்ன சிட்சையோட முடிஞ்சிடும். மரம் வெட்டின இடம் கேரளம்னு கோர்ட்டிலயே பதிஞ்சுடும். பின்னே உங்க வீட்டை ஆரும் தொட முடியாது.”

முருகேஸ்வரி யோசித்தாள். இடம் கேரளம் என்று ஆகிவிட்டால் புருஷனை அங்கே பிடித்து வைத்திருப்பது செல்லாது, விட்டுத்தான் ஆக வேண்டும். கட்டுப்போட்ட கையாலேயே கையெழுத்திட்டாள்.

வட்டவடையில் ஜீப்பை விட்டு இறங்கி முகடேறி வந்தபோது பொழுது சாயவில்லை. வீட்டு வாசலில் சுடலைமணி உட்கார்ந்திருந்தான். ஓடிப்போய் அவன் தோளைப் பிடித்தாள்.

“விட்டுட்டானா? எப்படி விட்டான்?”

“ஒத்துக்கிட்டேன் புள்ள. தமிழ்நாட்டு ரிசர்வ் காட்டுக்குள்ள வெட்டினேன்னு எழுதி வச்சிருந்தாங்க, கையெழுத்துப் போட்டேன். போட்டா வீட்ட விட்டுருவோம்னாங்க. வேற என்ன செய்யச் சொல்லுத? நீ ஒத்தையில கெடப்பியேன்னு...”

முருகேஸ்வரி அப்படியே மண்ணில் உட்கார்ந்தாள். சொல்லாமல் இருந்துவிடலாமா என்றுகூட நினைத்தாள். பிறகு தேவிகுளத்தில் தான் கையெழுத்திட்டதைச் சொன்னாள். சுடலைமணி தளர்ந்திருந்த அவள் கைக்கட்டை இறுக்கிக் கட்டிவிட்டான். அவளைத் திட்டவில்லை. அவளும் அவனைத் திட்டவில்லை.

இரண்டு பக்கமும் அதைப் பிடித்துக்கொண்டன. இது கேரளம் என்று மனைவியே சம்மதித்த பிறகு ரிசர்வ் காட்டில் இந்தக் குடும்பத்துக்கு என்ன பாத்தியதை என்றார்கள் தமிழ்நாட்டுப் பக்கம். இது தமிழ்நாடு என்று புருஷனே சம்மதித்த பிறகு இவர்களுக்கு நிலப் பட்டயம் எதற்கு என்றார்கள் கேரளப் பக்கம். ஜிஸ்மி போனில் மெதுவாகப் பேசினாள். “அவர் அங்க கையொப்பம் போட்டது இப்போ எங்க ஆபீசுக்கும் வந்தாச்சு. நான் நல்லதுக்குத்தான் சொன்னேன் சேச்சி. வீட்டை ஒழிஞ்சு குடுக்கணும்னு உத்தரவு. நாளைக்கு வருவாங்க.”

“எந்தப் பக்கத்துலருந்து?”



மறுநாள் விடிந்ததும் முருகேஸ்வரி பூண்டைப் பிடுங்க ஆரம்பித்தாள். தாள் இன்னும் பச்சையாகவே இருந்தது. பல் திரளவில்லை. சுடலைமணி எதிர்வரிசையில் பிடுங்கிக்கொண்டு வந்தான். வெயில் ஏறியபோது அவன் நிமிர்ந்து மேற்கே பார்த்தான். முகட்டிலிருந்து ஆட்கள் வரிசையாக இறங்கிக்கொண்டிருந்தார்கள். கையில் கடப்பாரை தெரிந்தது.

“வந்துட்டானுங்க” என்றான்.

முருகேஸ்வரி கிழக்கே பார்த்துக்கொண்டிருந்தாள். கருகிய சரிவின் வழியாக அந்தப் பக்கத்திலிருந்தும் ஆட்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். அவள் குனிந்து அடுத்த செடியைப் பிடுங்கி மண்ணை உதறினாள்.