சாயப்பட்டறைத் தெருவின் ஒரே ரகசியம்

அரசு உளவுத் தொழில் கல்லூரியில் சேர விரும்புகிறவர் தன் தெருவிலிருந்து ஒரு ரகசியத்தைக் கண்டுபிடித்து நேர்முகத் தேர்வில் ஒப்படைக்க வேண்டும். யாராவது தானாக வந்து சொன்ன ரகசியம் செல்லாது. வேறு நிபந்தனை கிடையாது.

குணவதிக்கு அந்த ஒரு நிபந்தனையே தலைவலி. அவள் குடியிருந்த சாயப்பட்டறைத் தெருவில் ரகசியம் என்று ஒன்று தங்கியதே இல்லை. யாருக்கு மூலம், எந்த மருமகள் கோபித்துக்கொண்டு போனாள், யார் மீசைக்கு மை பூசுகிறார் என்பதெல்லாம் பால் பாக்கெட்டோடு காலையிலேயே வீடு வந்து சேர்ந்துவிடும். முந்தைய இரண்டு தேர்வுக்கும் வெறுங்கையோடு போய் வெறுங்கையோடு திரும்பினாள். இந்த வருஷத்தோடு வயது வரம்பு முடிகிறது. பள்ளிக்கூட நாளிலிருந்து அவள் ஆசைப்பட்டது இந்த ஒரு படிப்புக்குத்தான். கிடைக்காவிட்டால் மாமாவின் கம்பெனியில் போய் ஊதுபத்தி உருட்ட வேண்டும். நினைத்தாலே அவளுக்குத் தும்மல் வந்தது.

அவள் முகம் வாடிக் கிடப்பதைத் தெருவால் தாங்க முடியவில்லை. பிள்ளையார் கோயில் வாசலில் கூட்டம் போட்டு, இனி ஒரே ஒரு விஷயத்தை மட்டும் அவளிடம் மறைப்பது என்று ஏகமனதாகத் தீர்மானித்தார்கள். தீர்மானம் போட்ட சூட்டோடு எதிர்வீட்டு லில்லி அக்கா ஓடி வந்து அதையும் சொன்னாள்.

"ஒன்னே ஒன்னு மறைக்கிறோம்டி. என்னன்னு மட்டும் கேக்காத."

"நான் கேக்கலக்கா. நீங்க சொல்லிடாதீங்க, அது போதும்."

மறைத்துப் பழக்கமில்லாத ஜனம், படாத பாடு பட்டது. பலருக்கு வயிறு உப்பியது. தையல்கடைக்காரர் வாய் தவறிவிடும் என்று பயந்து நாளெல்லாம் ஊசியைக் கவ்விக்கொண்டே இருந்தார். லில்லி அக்கா குணவதியைக் கண்டால் சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொள்வாள். ஒருநாள் அதுவும் பலிக்காமல், "குணா, அது வந்து..." என்று நெருங்கினாள். குணவதி காதைப் பொத்திக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை ஓடினாள்.

தேர்வுக்கு முந்தின வெள்ளிக்கிழமை தெரு கோட்டை விட்டது. காலையில் ஒரு மினி லாரியில் வண்டிச்சக்கரம் அளவுக்குக் கண்ணாடி வளையல்கள் வந்து இறங்கின. மத்தியானம் லில்லி அக்கா ஒரு தட்டில் எலுமிச்சை சாதம், புளி சாதம், தேங்காய் சாதம், இன்னும் என்னென்னவோ சாதம் கொண்டுவந்து வைத்தாள். விசேஷம் வைத்துவிட்டு ஒரு வீட்டை மட்டும் விலக்கி மற்ற வீடுகளுக்குச் சாதம் கொடுக்க அந்தத் தெருவுக்கு மனசு வரவில்லை.

"என்ன விசேஷம்க்கா?"

"விசேஷமா? அதெல்லாம் ஒன்னுமில்ல. சோறு மிஞ்சிப்போச்சு."

லில்லி அக்கா பிறந்ததிலிருந்து சொன்ன முதல் பொய் அது. சொல்லிவிட்டு வியர்த்துப்போய் வாசற்படியில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தாள்.

வளையலும் கலந்த சாதமும் என்றால் வளைகாப்புதான். ஆனால் தெருவில் எந்தப் பெண்ணுக்கும் நாள் தள்ளிப்போகவில்லை. தள்ளியிருந்தால் புருஷனுக்கு முன்னால் தெருவுக்குத் தெரிந்திருக்கும். குணவதி இறங்கி நடந்தாள். சந்தன வாசனை குடிநீர் மேல்நிலைத் தொட்டிக்குக் கூட்டிக்கொண்டு போனது. இரும்பு ஏணியின் படியெல்லாம் குங்குமம் சிந்திக் கிடந்தது. ஏறிப் பார்த்தாள். உள்ளே ஒரு திமிங்கிலம் நெற்றியில் பொட்டும் துடுப்பு நிறைய வளையலுமாக மிதந்துகொண்டிருந்தது. குணவதியைக் கண்டதும் வெட்கப்பட்டு முகத்தைத் தண்ணீருக்குள் இழுத்துக்கொண்டது. குணவதிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஏணியில் நின்றபடியே அழுதாள்.

நேர்முகத் தேர்வில் அதிகாரி பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"எத்தனை மாசம்?"

"ஏழு சார்."

"சாதம் குடுத்தனுப்பியிருக்காங்களே. அது அவங்களா வந்து சொன்ன மாதிரி ஆகாதா?"

"கேட்டேன் சார். மிஞ்சின சோறுன்னு பொய் சொல்லிட்டாங்க."

"சாயப்பட்டறைத் தெருவுல பொய் சொல்ல வச்சிருக்க. சின்ன வேலை இல்லம்மா அது." அதிகாரி பேனாவை மூடினார். "உனக்கு சீட்டு உண்டு. ரெண்டாவது இடம்."

"முதல் இடம் யாருக்கு சார்?"

"அவ்வளவு பெரிய உடம்பை வச்சுக்கிட்டு உன் கண்ணுல படாம இருந்தாளே, அவளுக்குத்தான்."

நியாயம்தான் என்று குணவதிக்கும் பட்டது.

கல்லூரி திறந்த அன்று தெருவே தண்ணீர் லாரி பிடித்து இருவரையும் விடுதியில் கொண்டுவந்து விட்டது. வாய்விட்டுப் பேசலாம் என்று ஆகிவிட்டதால் லில்லி அக்கா வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள். இருவருக்கும் ஒரே அறை, இரண்டடுக்குக் கட்டில். மாசமாக இருக்கிறவளை மேலே ஏறச் சொல்வது முறையில்லை என்று குணவதி கீழ்க்கட்டிலை அவளுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, தன் தலையணையோடு மேலே ஏறிக்கொண்டாள்.