சட்டையில் குத்திய சீட்டு

"உண்மையைச் சொல்லு, உன் நம்பர்லருந்து எனக்கு வர்ற மெசேஜ் எல்லாம் எழுதுறது யாரு?" என்று மருந்துக்கடைக்காரன் கேட்டதும் சலவைக்கடையில் துணி மடித்துக்கொண்டிருந்த அவளுக்குக் கை ஓடவில்லை.

பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள் அவள். வரிக்கு நாலு பிழை வரும். அதைப் பார்த்தால் அவன் சிரிப்பான் என்று பயந்து, கூட வேலை செய்யும் அக்காவிடம் போனை நீட்டினாள். முதலில் பிழையை மட்டும் திருத்திய அக்கா, மூன்று மாதத்தில் இவளைக் கேட்காமலே முழுசாக எழுதி அனுப்ப ஆரம்பித்துவிட்டாள். அவன் பதிலையும் அக்காதான் முதலில் படிப்பாள்.

"நான்தான்," என்று பொய் சொன்னாள் இவள்.

அவன் ஒரு கத்தைச் சீட்டுகளை மேசைமேல் போட்டான். பட்டனைத் தைத்துவிட்டேன், மைக்கறை போகவில்லை, மன்னிக்கவும் என்றெல்லாம் எழுதி அவன் சட்டைகளில் அவள் குத்தி அனுப்பியவை; படிக்காமலே கிழித்துப் போட்டிருப்பான் என்றுதான் நினைத்திருந்தாள்.

"இதுல தப்பில்லாத வரியே இல்ல. மெசேஜுல தேடினாலும் ஒரு தப்பு கிடைக்கல. ரெண்டுல நீ எது?"

அக்கா இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு இவளையே பார்த்தாள்.

"சீட்டுதான்," என்று அவற்றைப் பொறுக்கி அடுக்கினாள் இவள். "மெசேஜ் அக்காவோடது. என் எழுத்தப் பாத்தா ஓடிடுவீங்கன்னு நெனச்சேன்."

"அட லூசு! இந்தச் சீட்டப் பாத்துத்தானே உன் நம்பரக் கேட்டேன். மெசேஜப் படிச்சப்புறம்தான் விட்டுடலாமான்னு யோசிச்சேன். பாடப்புத்தகம் கணக்கா இருந்துச்சு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. திரும்பிப் பார்த்தால், அக்காவின் முகம் வெளிறிப்போயிருந்தது. வேலைக்குப் போடும் மேலங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டியவள், அவனை ஒரே ஒரு முறை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போய்விட்டாள்.