தலைவனா, கூட்டமா: நடுவர் தீர்ப்பு

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், மனிதகுலம் இதுநாள்வரை தீர்க்க முடியாமல் விட்டுவைத்த ஒரு கேள்விக்கு, வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு, ஆவடியை அடுத்த கோவில்பதாகையில், 'பி' பிளாக் கார் நிறுத்துமிடத்தில் இறுதித் தீர்ப்பு வழங்கப்படும். தீர்ப்புக்குப் பின் வெண்பொங்கல் உண்டு.

கேள்வி இது: உலகின் பெரும் படுகொலைகளுக்குப் பெரிதும் காரணம் தலைவனா, கூட்டமா?

குடியிருப்போர் சங்கத்தின் பட்டிமன்றம் வழக்கமாக மாமியாரா மருமகளா ரகம்தான். இந்த வருஷம் கனமாக ஏதாவது வேண்டும் என்று அடம்பிடித்தவர் நடுவர் சண்முகசுந்தரம். தொலைபேசித் துறையில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். தலைப்பைக் கொடுத்த அன்றே தீர்ப்பையும் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்: தலைவனே. அந்தத் தீர்ப்பு அவருக்கு நாற்பத்தாறு வருஷமாகத் தேவைப்பட்டது. மைக்கில், கைதட்டலோடு, ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டால் போதும்.

விஷயம் வேறொன்றுமில்லை. காவிரிக் கரையில் அவர் ஊர். பதினேழு வயதில், அறுவடை நேரத்து மத்தியானம் ஒன்றில் பெரியப்பா கூப்பிட்டார். ஊரில் அவர் வைத்ததுதான் சட்டம். "டேய், சைக்கிள எடுத்துக்கிட்டு அந்தத் தெருவ ஒரு சுத்து சுத்திட்டு வா. ஆம்பளைங்க இருக்காங்களான்னு பாரு." கூலியை உயர்த்திக் கேட்டவர்களின் தெரு அது. பையன் போனான். ஒரு குடிசை வாசலில் நெல் புடைத்துக்கொண்டிருந்த பெண், "யாரத் தேடுறீங்க சின்னய்யா?" என்று எழுந்து நின்றாள். "சும்மா" என்றான். திரும்பி வந்து, ஆண்கள் எல்லோரும் பக்கத்து ஊருக்கு அறுப்புக்குப் போயிருப்பதாகச் சொன்னான். அன்று சாயங்காலம் அந்தத் தெரு எரிந்தது. பெரியப்பா மேல் வழக்கு நடந்தது. பெரியப்பா செத்ததும் அதுவும் செத்தது. சைக்கிளில் போனவன் பெயர் எந்தக் காகிதத்திலும் ஏறவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, தலைவனே என்ற அணிக்காக மென்பொருள்காரர் கிரண் எழுந்தார். "ஜெர்மனியில இனவெறி. கம்போடியாவில கொள்கைவெறி. நோக்கம் வேற, செத்தவங்க வேற. ஆனா ரெண்டு இடத்துலயும் மேல உட்காந்து ஒருத்தன் கட்டளை போட்டான். எங்க வீட்லகூட தலைவி சொன்னாத்தான் குக்கரே விசில் அடிக்கும்." அறுபது லட்சம் யூதர்களுக்கும் குக்கருக்கும் நடுவே இரண்டு நொடிதான் இடைவெளி. கூட்டம் இரண்டுக்கும் ஒரே மாதிரி கைதட்டியது. நடுவர் பெருமிதமாகத் தலையாட்டினார்.

கூட்டமே என்ற அணிக்கு ஜெயப்பிரியா. பாடியில் ஒரு பள்ளியில் சரித்திரம் சொல்லித்தருபவர். குக்கர் எதுவும் கொண்டுவரவில்லை.

"ருவாண்டாவில நூறே நாள்ல எட்டு லட்சம் பேர். ரேடியோவுல பேசினவனுக்கு எந்த வீட்ல யார் இருக்காங்கன்னு தெரியுமா? பக்கத்து வீட்டுக்காரனுக்குத்தான் தெரியும். எட்டிப் பாத்துட்டு வந்து சொன்னான் பாருங்க, அவன் கையில ரத்தமே இருக்காது. அவன் இல்லன்னா தலைவன் வெறும் வாய்தான் நடுவர் அவர்களே."

சண்முகசுந்தரம் தண்ணீர் குடித்தார். பாட்டில் காலியான பிறகும் குடித்தார்.

சங்கச் செயலாளர் ஏகாம்பரம், கோவில்பதாகையிலேயே பிறந்து வளர்ந்தவர், கீழேயிருந்து குரல் கொடுத்தார்: "இன்னா நடுவரே, தீர்ப்ப சொல்லு. பொங்கல் ஆறிகினு கீது."

நடுவர் எழுந்தார். தீர்ப்புக் காகிதத்தைப் பிரித்தார், மறுபடி மடித்தார். நான் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். "எனக்கு ஒரு பையனத் தெரியும்" என்று வந்தது. சைக்கிள், தெரு, நெல் புடைத்த பெண், சும்மா. எல்லாவற்றையும் சொன்னார்.

"அந்தப் பையன் அப்பால இன்னா ஆனான்?" என்றார் ஏகாம்பரம்.

"நல்லாப் படிச்சான். கவர்மெண்ட் வேலை. ரிட்டயர் ஆயிட்டான்."

"பென்சன் வேற வாங்கிகினு கீறானா அந்தக் கஸ்மாலம்?"

கூட்டம் சிரித்தது. நடுவரும் சிரித்தார். பிறகு காகிதத்தைப் பார்த்துப் படித்தார்: "ஆகவே, தலைவனே." எதிர்பார்த்ததைவிடப் பலமான கைதட்டல். பொன்னாடை போர்த்தினார்கள். தோள் வியர்த்ததே தவிர வேறொன்றும் நடக்கவில்லை.

ஜெயப்பிரியா நோட்டுப் புத்தகத்தோடு அருகே வந்தார். "தோத்ததுல வருத்தம் இல்ல சார். ஆனா அந்தப் பையன் கதை எங்க கட்சிக்குத்தான் சாதகம், நீங்க தீர்ப்ப மாத்திச் சொல்லிட்டீங்க. பசங்களுக்குச் சொல்லணும், எழுதிக்கிறேன். எத்தன பேர் செத்தாங்க?"

"ஒன்பது."

எழுதிக்கொண்டார். "பேருங்க?"

சண்முகசுந்தரத்துக்கு ஒரு பெயரும் தெரியாது.