நாலு மணிக்குச் சாயும் வீடு

குவெண்டா பாஸ்கோவின் வீடு ஒன்பது வருடமாக, மாலை நாலு மணிக்குச் சமையலறைப் பக்கம் சாய்ந்துகொண்டிருந்தது. டாஸ்மேனியாவின் அந்தக் கடலோர ஊரில் இது எல்லோருக்கும் தெரியும். தபால்காரர் மூன்றரைக்கே வந்து போய்விடுவார். நகராட்சி ஆள் அளந்து பார்த்து, சாய்வு பதினோரு டிகிரி, அஸ்திவாரத்தில் கோளாறில்லை என்று எழுதிக் கொடுத்தார்.

வீடு சாயும்போது குவெண்டாவும் நாற்காலியோடு வழுக்கிப் போய் உணவு அலமாரியில் முட்டி நிற்பாள். பிறகு ரொட்டி, பிஸ்கட், ஐஸ்கிரீம் என்று ருசியே தெரியாமல், நிறுத்தவும் முடியாமல், வயிறு வலிக்கும்வரை தின்பாள். வீடு நிமிர்ந்ததும் வெட்கம் பிடுங்கும். மறுநாள் அதற்குப் பரிகாரமாகப் பட்டினி. அவள் வேலை பார்த்த பள்ளி நூலகத்திலோ, தேநீர் வேளையில், தேங்காய்த் துருவலில் புரட்டிய லாமிங்டன் கேக்கில் கடைசித் துண்டை யாரும் முழுசாக எடுக்க மாட்டார்கள். பாதியில் பாதி வெட்டிக்கொண்டு, "இன்னைக்கு நான் வாயைக் கட்டியிருக்கேன்" என்பார்கள். இருப்பதிலேயே சின்னத் துண்டு குவெண்டாவுடையது.

"பாப்பாவோட தள்ளுவண்டி உருண்டு போயிடும்மா, அங்க எப்படி வர்றது?" என்று மகள் புரொன்வின் போனில் சொன்ன அன்று, பேத்தியைப் பார்க்காமலே போய்விடுவோமோ என்று பயந்து, குவெண்டா உளவியல் ஆலோசகர் ஐலீனிடம் போனாள். ஐலீன் எடை பார்க்கவில்லை.

"காலையில என்ன சாப்பிட்டீங்க?"

"ஒண்ணுமில்ல. நேத்து அவ்வளவு தின்னுட்டு எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுச் சாப்பிடுறது?"

"மதியம்?"

"ஒரு ஆப்பிள்."

"அப்புறம் வீடு சாயாம என்ன பண்ணும்? அதைப் பட்டினி போடுறதே நீங்கதான், குவெண்டா."

ஐலீன் சொன்னது இவ்வளவுதான்: முந்தின நாள் என்ன நடந்திருந்தாலும், மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை உட்கார்ந்து சாப்பிட வேண்டும். சாய்வதற்குமுன் மனதில் ஓடியதை எழுதி வைக்க வேண்டும். குளிர்காலத்துக்குள் சாய்வு ஐந்து டிகிரிக்கு இறங்கியது. இறந்துபோன கணவர் கிளெமின் சட்டைகளைத் தானம் கொடுத்த வாரம், மறுபடியும் ஒன்பது. ஐலீன் கடிந்துகொள்ளவில்லை. "அன்னைக்கு யார்கிட்டயாவது அழுதீங்களா?" என்று கேட்டாள். இல்லை. குவெண்டா அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

நவம்பரில் ஒருநாள் நூலகத்தில், கடைசி லாமிங்டனை வெட்ட, கூட வேலை பார்க்கும் லோர்னா கத்தியை எடுத்தாள்.

"அதை வெட்டாத. எனக்கு முழுசா வேணும்" என்றாள் குவெண்டா.

"அடிப்பாவி, எங்களுக்குத் துணுக்குகூடக் கிடையாதா?"

எல்லோரும் பார்க்க, குவெண்டா உட்கார்ந்து நிதானமாகத் தின்றாள். தேங்காய்த் துருவல் இனித்தது.

கிறிஸ்துமஸுக்குப் புரொன்வின் வந்தாள். நாலு மணிக்கு வீடு ஒரே ஒரு டிகிரி சாய்ந்தது. தள்ளுவண்டி மெல்ல உருண்டு வந்து குவெண்டாவின் முழங்காலில் இடித்து நின்றது.

"மணி நாலாச்சு. எல்லாரும் சாப்பிட உட்காருங்க" என்று சொல்லிப் பேத்தியைத் தூக்கிக்கொண்டாள்.