பதினேழாவது வாக்குறுதி

எங்கள் அச்சகத்தில் புரூஃப் பார்ப்பதற்கு ஒரு முறை உண்டு. கணினியில் நான் அடித்த தாளை நானே உரக்க வாசிப்பேன். அப்பா எதிரே உட்கார்ந்து, வாடிக்கையாளர் எழுதிக் கொடுத்த பிரதியில் விரல் வைத்து வரிவரியாகத் தொடர்ந்து வருவார். ஒரு பத்தி முடிந்ததும் தாளை அவர் பக்கம் நகர்த்துவேன். சிவப்புப் பேனாவால் ஒரு டிக். எல்லாம் முடிந்ததும் அடியில் வாடிக்கையாளரின் கையெழுத்து. அப்பாவின் தலைக்கு மேல் ஒரு பலகை தொங்குகிறது: ‘கையெழுத்துப் போட்ட பிறகு பேச்சில்லை.’ தானே தப்பாக எழுதிக் கொடுத்துவிட்டு, கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை இருக்க வேண்டிய இடத்தில் மாமனார் பெயர் வந்துவிட்டதென்று ஒருவர் அலறிக்கொண்டு வந்தபோதும், அப்பா அந்தப் பலகையைத்தான் காட்டினார்.

பள்ளிக்கூடத்தை ஒன்பதாவதோடு விட்டதிலிருந்து இந்த வேலை என்னுடையது. நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் என் நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஆனால் அடுத்தவர் எழுதியதை வாசிக்கும்போது தங்குதடையின்றி வரும்.

தேர்தலுக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஒரு புதுக்கட்சிக்காரர் துண்டறிக்கை கொண்டுவந்தார். மொத்தம் பதினாறு வாக்குறுதிகள். உடுத்துவது, கல்யாணம் கட்டிக்கொள்வது, கட்டிக்கொள்ளாமல் இருப்பது, கும்பிடுவது, கும்பிடாமல் இருப்பது எல்லாம் அவரவர் விருப்பம், அரசாங்கம் மூக்கை நுழைக்காது என்று எழுதியிருந்தது. அவருக்கு ஏகப்பட்ட அலைச்சலாம். புரூஃபை அப்பாவே பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிடும்படி சொல்லிவிட்டு ஓடினார்.

அந்தக் காகிதம் வீட்டுக்குள் வந்த நாளிலிருந்து எங்களுக்குப் பொழுது நன்றாகப் போனது. மாடியில் வீடு, கீழே அச்சகம் என்பதால் சண்டை படியில் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. அப்பா எல்லா வாக்குறுதிக்கும் எதிர்; எங்களோடு இருக்கும் அவர் தங்கை, என் அத்தை, எல்லாவற்றுக்கும் ஆதரவு. பைண்டிங் வேலை பார்க்கும் என் தாய்மாமாவுக்கு எப்போதும் விரலிடுக்கில் பசை காய்ந்திருக்கும் என்பதால் பசை மாமா என்று பெயர். அவர் நடுநிலை. பதினாறும் அருமையான கொள்கைகள், ஆனால் தன் மகளுக்குக் கல்யாணம் ஆன பிறகு அமலுக்கு வந்தால் போதும் என்றார்.

அத்தைக்கு மட்டும் இது வாய்ச்சண்டை இல்லை. அவருக்கு நாற்பத்து மூன்று வயது. பல் மருத்துவர்களுக்குப் பல்செட் செய்து தரும் கூடத்தில் வேலை. கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டார். வீட்டிலேயே ஈரம் ஏறாத அறை அவருடையதுதான் என்பதால், உயர்ரகக் காகிதக் கட்டுகளை எல்லாம் அங்கேதான் அடுக்கியிருந்தோம். அவர் தலை வாரிக்கொண்டிருப்பார்; பசை மாமா உள்ளே வந்து ஒரு கட்டைத் தூக்கிக்கொண்டு போவார். அவர் தூங்கிக்கொண்டிருப்பார், நான் போய் எத்தனை கட்டு பாக்கி என்று எண்ணிப் பார்ப்பேன். வேலைக்குப் பக்கத்திலேயே ஓர் அறையை அத்தை பார்த்து வைத்திருந்தார். சனிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். தனியாக வரும் பெண் என்பதால் வீட்டிலிருந்து ஓர் ஆண் வந்து சம்மதம் சொல்ல வேண்டும் என்று வீட்டுக்கார அம்மா நிபந்தனை போட்டிருந்தார். அப்பா அசையவில்லை. தங்கையைத் துரத்திவிட்டான் என்று ஊர் சிரிக்கும் என்பதே அவர் கட்சி.

வியாழக்கிழமை காலையும் இதே பேச்சு. அத்தை பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனார். நான் கீழே வந்து துண்டறிக்கையை அடிக்க உட்கார்ந்தேன். பதினாறாவதை அடித்து முடித்ததும் என் விரல் நிற்கவில்லை.

மத்தியானம் புரூஃப். அத்தைக்கு அன்று விடுமுறை. வேண்டுமென்றே வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். நான் வாசிக்க வாசிக்க அப்பா டிக் போட்டார், ஒவ்வொன்றுக்கும் ஒரு குத்தலும் சேர்த்துக்கொண்டார். உடை பற்றிய வாக்குறுதிக்கு, இனிமேல் தானும் துண்டோடு கடையில் உட்காரப் போவதாகச் சொன்னார். இப்போது மட்டும் என்ன வாழ்கிறதாம் என்று மாடிப்படியிலிருந்து அம்மா கேட்டாள்.

பதினாறாவதை வாசித்தேன். வயது வந்த எவரும் விரும்பியவருடனோ தனியாகவோ, விரும்பிய இடத்தில் வாழலாம்.

அப்பா மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அத்தை பக்கம் திரும்பினார்.

“ஆளாளுக்கு இஷ்டப்படி போறதுன்னா வீடு எதுக்கு? லாட்ஜ் போதுமே.”

“லாட்ஜ்ல உள்தாழ்ப்பாள் இருக்கு அண்ணா. என் ரூம்ல இல்ல.”

அப்பா பிடித்துக்கொண்டார். தாழ்ப்பாள் போடுகிற அளவுக்கு இங்கே யார் அந்நியர், காகிதம் எடுக்க வருகிறவன் கதவைத் தட்டிக்கொண்டா நிற்பான் என்று ஏறிக்கொண்டே போனார். அந்தச் சந்தடியில் நான் பதினேழாவதையும் வாசித்தேன். குரல் நடுங்கவில்லை. தாளை நகர்த்தினேன். அத்தையைப் பார்த்துப் பேசிக்கொண்டே அப்பா டிக் போட்டார். பேசிக்கொண்டே கையெழுத்தும் போட்டார். இருபது வருடத்தில் ஒரு புள்ளியைக்கூடத் தவறவிடாத மனிதர்.

பசை மாமா தாளை எடுத்துக்கொண்டு இயந்திரத்துப் பக்கம் போனார். பாதி வழியில் நின்றார்.

“அத்தான், இந்தக் கட்சி நம்ம வீட்டு விஷயத்துலயும் இறங்கிடுச்சே.”

பிறகு உரக்கப் படித்தார். “பதினேழு. அச்சக உரிமையாளரின் தங்கை, அண்ணன் சம்மதத்துடன், வரும் சனிக்கிழமை தனி அறைக்குக் குடிபோவார்.”

அப்பா தாளைப் பிடுங்கிப் பார்த்தார். தன் டிக்கைப் பார்த்தார். கையெழுத்தைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். என் நாக்கு வழக்கம்போல ஒட்டிக்கொண்டது. விரல் மட்டும் எழுந்து அவர் தலைக்கு மேல் இருந்த பலகையைக் காட்டியது.

அம்மா படியிலேயே உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

“இது ஏமாத்து வேலை” என்றார் அப்பா.

“ஆமா, ஏமாத்துதான்” என்றார் அத்தை. நான் திடுக்கிட்டேன். அவர் அப்பாவின் சட்டைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை உருவி, ‘அண்ணன் சம்மதத்துடன்’ என்ற இரண்டு வார்த்தைகளை மட்டும் ஒரே கோட்டில் அடித்தார்.

“இப்பதான் சரி. சம்மதம் வாங்கிட்டுப் போனா நாளைக்கே நீங்க அதைத் திருப்பி வாங்கிக்கலாம். நான் சொல்லிட்டுப் போறேன், அவ்வளவுதான். அந்த அம்மா ஒத்துக்கலைன்னா வேற ரூம் பார்ப்பேன்.”

அத்தை அடித்த கோட்டையே அப்பா பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் ஊரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

“நீ போயிட்டா நான் யாரோட சண்டை போடுறது?”

“ரெண்டு பஸ் ஸ்டாப்தான் அண்ணா. வந்து போடுங்க. கதவைத் தட்டிட்டு வாங்க.”

புரூஃபில் ஏதாவது அடித்தால், பார்த்தவர் அதன் பக்கத்தில் சின்னதாக ஒரு கையெழுத்து வைக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தத் திருத்தம் செல்லாது. இதுவும் அப்பா வகுத்த விதிதான். பேனாவை வாங்கினார். கோட்டுக்குப் பக்கத்தில் தன் பெயரின் முதலெழுத்தை வைத்தார். தாளை நான்காக மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டு, பதினாறோடு நிறுத்தி வேறு தாள் எடுத்து வரும்படி என்னிடம் உறுமினார். உறுமல் அவ்வளவு பலமாக இல்லை.

சனிக்கிழமை எல்லோரும் போனோம். பசை மாமா பீரோவின் ஒரு பக்கம், அப்பா மறுபக்கம். வீட்டுக்கார அம்மா வாசலிலேயே நிறுத்தி, அண்ணன் நீங்கள்தானா, உங்களுக்கு இதில் சம்மதம்தானா என்று கேட்டார். அப்பாவுக்கு மூச்சு வாங்கியது.

“சம்மதம் சொல்ல வரலைங்க. பீரோ தூக்க வந்தேன். கொஞ்சம் வழி விடுங்க.”

அந்த அம்மா வழி விட்டுவிட்டார்.

அறை சின்னது. ஒரு ஜன்னல், ஓர் அலமாரிப் பலகை. ஒரு காகிதக் கட்டுகூடக் கிடையாது. அப்பா சுவரைத் தட்டிப் பார்த்தார், குழாயைத் திறந்து மூடினார். அப்புறம் எங்களை எல்லாம் வெளியே போகச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார். உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. திறந்தது. மறுபடி விழுந்தது. கனமான தாழ்ப்பாள்தான் போலிருக்கிறது. அதன் பிறகு அவர் வெளியே வருகிற வழியாகக் காணோம்.

அத்தை சிரிப்பை அடக்கிக்கொண்டு கதவைத் தட்டினார்.

“யாரு?” என்றார் அப்பா உள்ளேயிருந்து.

“இந்த வீட்டுல குடியிருக்கிறவ.”