பாயிண்ட் சொன்ன பதில்

லிஃப்ட் மெக்கானிக்குக்கு 'பாயிண்ட்' என்ற பட்டப்பெயர் வந்தது இணையத்தில். வாடகை வீட்டில் இருப்பவர்களுக்காக யாரோ தொடங்கிய குழு அது. பதினோராயிரம் பேர் சேர்ந்திருந்தார்கள். யார் என்ன சந்தேகம் கேட்டாலும் அவர் "முதல் பாயிண்ட்" என்று தொடங்கி, மூன்றாவது பாயிண்டில் முடித்துவிடுவார். பேர் ஒட்டிக்கொண்டது.

சட்டம் அவர் எங்கும் படித்ததில்லை. நான்கு வருடத்துக்கு முன் அவருடைய வீட்டுக்காரர் பதினைந்து நாளில் காலி செய்யச் சொல்லி ஒரு நோட்டீஸ் அனுப்பினார். மனிதர் நூலகத்தில் போய் உட்கார்ந்து வாடகைச் சட்டத்தை வரி விடாமல் வாசித்தார். கோர்ட்டு உத்தரவு இல்லாமல் யாரும் தன்னை வெளியேற்ற முடியாது என்று புரிந்ததும் நோட்டீஸைக் கண்டுகொள்ளவே இல்லை. வீட்டுக்காரரும் கொஞ்ச நாள் உர்ரென்று இருந்துவிட்டு அடங்கிப்போனார். தான் பட்ட பயத்தை இன்னொருவர் படவேண்டாமே என்றுதான் குழுவில் பதில் எழுத ஆரம்பித்தார். தண்ணீர்க் குழாயை அடைத்துவிட்ட வீட்டுக்காரர் மேல் எங்கே புகார் கொடுப்பது, ஒப்பந்தத்தில் எந்த வரியை இரண்டு தடவை படிப்பது என்றெல்லாம் அவர் எழுதியதில் நிஜமாகவே பலனடைந்தவர்கள் உண்டு.

அவர் மனைவிக்கு மருந்துக்கடையில் வேலை. "யுவர் ஆனர், தட்டு வச்சாச்சு" என்று கூப்பிடுவாள். அவருக்கு உள்ளூரக் குளிரும்.

அன்றைக்கு ஒரு ஆஸ்பத்திரிக் கட்டிடத்தின் மொட்டைமாடி மோட்டார் அறையில் பிரேக் மாற்றிக்கொண்டிருந்தார். சாப்பாட்டு நேரத்தில் கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தால், குழுவில் ஒரு பெண்ணின் பதிவு. வாடகை வீட்டின் தரைத்தளத்தில் குழந்தைகள் காப்பகம் நடத்துகிறவள். வேலைக்குப் போகிற ஏழு வீட்டுப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறாள். "ஓனர் வீட்டைக் கேட்டு பேப்பர் அனுப்பிட்டார். என்ன பண்றதுன்னே தெரியல" என்று எழுதி, ஒரு பக்கத்தைப் படம் எடுத்துப் போட்டிருந்தாள். படத்தின் ஓரத்தில் அவள் கட்டைவிரலும், அதைப் பிடித்து இழுக்கிற ஒரு பிஞ்சுக் கையும்.

அவர் மேலோட்டமாகப் படித்தார். வீட்டுக்காரர், குடியிருப்பவர், காலி செய்ய வேண்டும். தனக்கு வந்த அதே கதை. தட்டிவிட்டார்: "முதல் பாயிண்ட், பயப்படாதீங்க. ரெண்டாவது, பதிலே போடாதீங்க, போட்டா நீங்களே மாட்டிக்குவீங்க. மூணாவது, கோர்ட்டு சொல்ற வரைக்கும் உங்களை யாரும் அசைக்க முடியாது. நிம்மதியா இருங்க."

சாயங்காலத்துக்குள் முந்நூறு பேர் கைதட்டியிருந்தார்கள். அந்தப் பெண்ணும், "ரொம்ப நன்றி அண்ணா, இப்பதான் மூச்சு வந்தது" என்று எழுதியிருந்தாள்.

ஏழு வாரம் கழித்து அவளிடமிருந்து தனிச்செய்தி வந்தது. கோர்ட்டிலிருந்து ஆள் வந்து கதவில் ஒரு தாளை ஒட்டிவிட்டுப் போயிருக்கிறான். வழக்கில் அவள் ஆஜராகாததால் வீட்டுக்காரர் பக்கம் தீர்ப்பாகிவிட்டது. ஒரு மாதத்தில் வீட்டை ஒப்படைக்க வேண்டும். திட்டு ஒன்றுமில்லை. கடைசி வரி மட்டும் இப்படி இருந்தது: "இதுக்கு அடுத்த பாயிண்ட் என்ன அண்ணா?"

அவர் ஓடிப்போய்ப் பழைய பதிவைத் தேடினார். அவருடைய பதில் அங்கே கம்பீரமாக உட்கார்ந்திருந்தது. 'அழி' என்கிற இடத்துக்கு விரல் போனது. பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க, முகம் இப்படிச் செத்துப்போச்சு?"

சொன்னார். அவள் மடித்த சட்டையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"டாக்டர் சீட்டைப் பாக்காம நான் மாத்திரை எடுத்துக் குடுத்தா என்னை என்ன சொல்வீங்க?"

"சட்டம் தப்பில்லடி. நான் சொன்ன சட்டம் சரிதான்."

"மாத்திரையும் நல்ல மாத்திரைதான். அந்த ஆளுக்கு அது இல்ல, அவ்வளவுதான்." சட்டையை அடுக்கில் வைத்தாள். "அழிக்காதீங்க. அழிச்சா அவளுக்கு நல்லது ஆகப்போறதில்ல. நாளைக்கு லீவு போட்டுட்டு நேர்ல போங்க."

போனார். காப்பக வாசலில் உள்ளங்கை அளவுச் செருப்புகள் வரிசையாக இருந்தன. உள்ளே பாயில் மூன்று பேர் தூக்கம், மற்றதுகள் ரகளை. அவள் அலமாரியின் மேல் தட்டிலிருந்து உறையை எடுத்துக் கொடுத்தாள். முதல் பக்கத்துக்குப் பின்னால் இன்னொரு பக்கம் இருந்தது. கோர்ட்டு முத்திரை. வழக்கு எண். ஆஜராக வேண்டிய தேதி. அடியில் தடித்த எழுத்தில், வராவிட்டால் ஆள் இல்லாமலே முடிவு செய்யப்படும் என்று.

"இது நோட்டீஸ் இல்லம்மா. சம்மன்."

"ரெண்டும் ஒண்ணு இல்லையா?"

"இல்ல. நோட்டீஸ் ஓனர் அனுப்பறது. சம்மன் கோர்ட்டே கூப்பிடறது. இதுக்குப் போயே ஆகணும்." தாளை மடித்து உறையில் வைத்தார். "நான் அடுத்த பக்கத்தைக் கேட்டிருக்கணும். தப்பு என்னோடது."

அவள் இடுப்பில் இருந்த ஒரு குழந்தையின் மூக்கைத் துடைத்தாள். துடைத்த பிறகும் அந்தத் துணியைக் கசக்கிக்கொண்டே நின்றாள்.

"என் மாமியார் அன்னிக்கே சொன்னாங்க, வக்கீல்கிட்ட காட்டுன்னு. நான்தான், ஒரு அண்ணன் விவரமா சொல்லிட்டார்னு சொல்லிட்டேன்." துணியைத் தோளில் போட்டாள். "ஏழு வீட்டுக்கும் நான் என்னண்ணா சொல்வேன்? இந்தப் புள்ளைங்களை விட்டுட்டுத்தானே அவங்க வேலைக்கே போறாங்க!"

பாயில் ஒன்று விழித்துக்கொண்டு வீறிட்டது. அதைத் தூக்கப் போனவள், இடுப்பிலிருந்ததை ஒரு வார்த்தை சொல்லாமல் அவர் கையில் திணித்துவிட்டுப் போனாள். லிஃப்ட் மெக்கானிக் விறைத்துப்போய் நின்றார். குழந்தை அவர் சட்டைப்பையிலிருந்த டெஸ்டரைப் பிடுங்கி வாயில் வைத்தது.

மறுநாள் இருவரும் கோர்ட்டு வளாகத்தில் இருந்த இலவச சட்ட உதவி மையத்துக்குப் போனார்கள். படிக்கட்டுக்கு அடியில் ஒரு சின்ன அறை, பெஞ்சு நிறைய ஆட்கள். அங்கிருந்த பெண் வக்கீல் எல்லாப் பக்கத்தையும், பின்புறம் உட்பட, திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தீர்ப்பை நீக்கச் சொல்லி மனுப் போடலாம். நாள் இருக்கு. ஆனா வராம போனதுக்கு நியாயமான காரணம் காட்டணும். ஏம்மா வரல?"

அவள் மெக்கானிக்கைப் பார்த்தாள். மெக்கானிக் தரையைப் பார்த்தார். பிறகு தான் எழுதிய பதிலைப் பற்றி அவரே சொன்னார்.

"அந்தப் பதிவு இன்னும் இருக்கா? அழிச்சுட்டீங்களா?" என்று வக்கீல் கேட்டார்.

"இருக்குங்க."

"நல்லவேளை. நான் இப்படிச் சொன்னேன், என்னை நம்பித்தான் அவங்க வரலன்னு நீங்க பிரமாணப் பத்திரம் எழுதிக் கையெழுத்துப் போடணும். கூப்பிட்டா கோர்ட்லயும் சொல்லணும்."

"என் மேல ஏதாவது கேஸ் வருமாங்க?"

"வக்கீல்னு சொல்லிக்கிட்டீங்களா?"

"ஐயோ, இல்லீங்க. எல்லாரும் பாயிண்ட்னு கூப்பிடுவாங்க, அவ்வளவுதான்."

வக்கீலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டார். "கேஸ் வராதுன்னு நான் எழுதித் தர முடியாது. யோசிச்சுச் சொல்லுங்க."

யோசிக்க அவருக்கு எவ்வளவோ இருந்தது. கம்பெனியில் தெரிந்தால் என்ன ஆகும், குழுவில் தெரிந்தால் மானம் என்ன ஆகும். ஆனால் பக்கத்தில் அவள் பையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "பேனா குடுங்க" என்றார்.

விசாரணை அன்று எதிர்த்தரப்பு வக்கீல் அவருடைய மூன்று பாயிண்டையும் உரக்க வாசித்தார். "நிம்மதியா இருங்க" என்ற இடத்தில் பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவருக்குக் காது இரண்டும் சுட்டது.

நீதிபதி நிமிர்ந்தார். "என்ன வேலை பார்க்கறீங்க?"

"லிஃப்ட் மெக்கானிக்குங்க."

"இந்தத் தாளோட அடுத்த பக்கத்தைப் பார்த்தீங்களா?"

"பாக்கலீங்க. கேக்கவும் இல்லீங்க. எனக்கு நடந்ததே இவங்களுக்கும் நடக்குதுன்னு நினைச்சுட்டேன். இவங்க மேல தப்பில்லைங்க."

நீதிபதி தலையைக் குனிந்து எழுத ஆரம்பித்தார். தீர்ப்பு நீக்கப்பட்டது, வழக்கு முதலிலிருந்து நடக்கும் என்று உத்தரவானது.

வெற்றி என்று அதைச் சொல்ல முடியாது. வீட்டுக்காரரும் ஒன்றும் கெட்டவர் இல்லை. அவர் மகளுக்கு இரட்டைக் குழந்தைகள் பிறந்திருந்தன; படி ஏற முடியாதவளுக்குத் தரைத்தளம்தான் தோது. இரண்டு வக்கீல்களும் உட்கார்ந்து பேசினார்கள். எட்டு மாத அவகாசம் கிடைத்தது. அதற்குள் காப்பகம் இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டுக்கு மாறியது. ஏழு பிள்ளைகளில் ஐந்து பேர் கூடவே வந்தார்கள்.

மெக்கானிக் குழுவில் நடந்ததை அப்படியே எழுதினார். நான் வக்கீல் இல்லை, இனி பதில் சொல்லமாட்டேன் என்று முடித்தார். "இவனையெல்லாம் உள்ளே தள்ளணும்" என்றார் ஒருவர். "வக்கீல்கிட்ட போக வழி இருந்தா நாங்க ஏன் இங்க வர்றோம்?" என்றார் இன்னொருவர்.

ஒரு மாதம் வாயைத் திறக்கவில்லை. ஆனால் கேள்விகள் நிற்கவில்லை. அந்தக் காலி இடத்தில் புதிதாக ஒருவன் வந்து உட்கார்ந்தான். 'பூட்டை உடைத்து உள்ளே போங்கள்' என்கிற ரகத்தில் அடித்துவிட்டுக்கொண்டிருந்தான். அவனுக்கும் முந்நூறு கைதட்டல். மெக்கானிக்குக்கு இருப்புக்கொள்ளவில்லை. சட்ட உதவி மையத்துக்கே போய்க் கேட்டார்.

"நான் பேசலாமா, கூடாதாங்க?"

வக்கீலுக்கு அன்று தலைக்கு மேல் வேலை. "எங்கிட்ட வர்ற பாதிப் பேர் எல்லாம் முடிஞ்ச பிறகுதான் வர்றாங்க. உங்ககிட்ட முதல் நாளே வர்றாங்க. அதனால பேசாதீங்கன்னு சொல்ல எனக்கு மனசு வரல. ஆனா என்ன பண்ணணும்னு நீங்க சொல்லாதீங்க. வந்திருக்கிறது என்ன தாள், என்ன தேதின்னு கேளுங்க. கேட்டுட்டு இங்க அனுப்புங்க. ஆங்... அந்தக் கதவைச் சாத்திட்டுப் போங்க."

அது போதுமா என்று அவருக்கு இன்னமும் சந்தேகம்தான். முழுப் பதிலும் தெரிந்த கேள்வி வரும்போது நாக்கு துறுதுறுக்கும். தெரியும் என்று நினைத்ததுதானே அன்றைக்கும் கவிழ்த்தது என்று அடக்கிக்கொள்வார்.

போன வாரம் ஒரு ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் அந்தக் குழுவில் ஒரு தாளைப் போட்டு, "தம்பி, இதைக் கிழிச்சுப் போட்டுடலாமா?" என்று கேட்டிருந்தார். மெக்கானிக் தனிச்செய்தியில் பின்பக்கத்தையும் கேட்டு வாங்கிப் பார்த்தார். ஆஜராக இரண்டே நாள் இருந்தது. போன் போட்டார்.

"ஐயா, நான் வக்கீல் இல்ல. நாளைக்குக் காலையில ஒன்பது மணிக்கு கோர்ட்டு வாசல்ல நில்லுங்க. நான் வேலைக்குப் போற வழியில வந்து சட்ட உதவி ரூமைக் காட்டறேன்."

பெரியவர் எட்டரைக்கே வந்து, சட்டையைக் கால்சட்டைக்குள் விட்டு, கையில் தாளோடு நின்றுகொண்டிருந்தார். அவரைப் படிக்கட்டுக்கு அடியிலிருந்த பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு மெக்கானிக் வேலைக்குப் போனார். பிறகு அந்த வழக்கு என்ன ஆனது என்று அவருக்குத் தெரியாது.