இல்காவின் அடுப்பில் கிசெல்லாவின் அப்பம்

1

"வாசிக்கட்டும். ஆனா என் காதுல விழாம—"

"சபையில வாசிக்கிறது எல்லார் காதுலயும்தான் விழும் அக்கா. உங்க காதுக்கு மட்டும் நான்—"

"நீ என்ன? பஞ்சு கொண்டுவந்து தரப்போறியா?"

"நான் அப்படிச் சொல்லலை."

"சொல்லாததும் சேர்த்துத்தான் எனக்குக் கேக்குது. மாவை மூடு, ஈ உக்காருது."

இந்தக் கதை எனக்கு இப்படித்தான் கிடைத்தது. வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, இரண்டு குரலாக. ஆகஸ்ட் கடைசிச் சனிக்கிழமை. இந்தப் பக்கத்தில் நான் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தேன். எழுந்து எட்டிப் பார்த்திருக்கலாம், பார்க்கவில்லை. ஆகவே கீழே யாராவது கையைத் துடைத்தால், தலையைக் குனிந்தால், அது என் சரக்கு. பேச்சு அவர்களுடையது. (பேச்சிலும் இரண்டு இடத்தில் கைவைத்திருக்கிறேன். எங்கே என்று சொல்லமாட்டேன்.)

2

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: "திரான்சில்வேனிய மலையில் இருக்கும் எங்கள் சிறிய சபையில் நன்றியுணர்வு என்பது—"

அடித்துவிட்டேன். அந்த வாக்கியம் பிரசங்கத்துக்குப் போகிற வண்டியில் ஏறிவிட்டது.

இரண்டாவது: "பிப்ரவரியில் மேல்காட்டில் அந்த மரம் சரிந்தபோது ஆரோனும் டேனெஷும்—"

இதை அடிக்க மனம் வரவில்லை. முடிக்கவும் வரவில்லை. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மரம் வெட்டப் போன இரண்டு பேரில் ஆரோன் அங்கேயே போய்விட்டான். இல்காவின் ஒரே மகன். டேனெஷ் விலா எலும்பு உடைந்து பிழைத்துக்கொண்டான். கிசெல்லாவின் ஒரே மகன்.

ஆகஸ்ட் கடைசி ஞாயிறு எங்களுக்குப் புது அப்பத் திருவிருந்து. அந்த வருஷத்துக் கோதுமையில் சுட்ட அப்பம். ஏதாவது ஒரு வீடு கொடுக்கும். அதைப் பிட்கிறதுக்கு முன்னால் போதகர் ஒரு காகிதத்தை எடுத்து, கொடுத்தவர் பெயரையும் கொடுத்த காரணத்தையும் வாசிப்பார். இந்த முறை கிசெல்லா கேட்டு வாங்கியிருந்தாள். காகிதத்தில் அவள் எழுதிய காரணம்: 'என் மகன் உயிரோடு இருப்பதற்கு ஸ்தோத்திரமாக.'

நூற்று நாற்பது பேருக்கான அப்பம் கேஸ் அடுப்பில் அடங்காது. எங்கள் தெருவில் மிஞ்சியிருக்கிற பெரிய மண் அடுப்பு ஒன்றே ஒன்றுதான். அது இல்கா வீட்டு முற்றத்தில் இருக்கிறது.

3

கிசெல்லா மாவுத் தொட்டியைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தபோது, முதலில் என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று தெரு முழுக்க ஒத்திகை பார்த்திருந்தாள். அனுமதி கேட்க வேண்டும். மறுத்தால் அழக்கூடாது. ஆனால் முற்றத்துக்குள் நுழைந்ததும் அனல் முகத்தில் அடித்தது. அடுப்பு விடியலிலேயே மூட்டப்பட்டு உள்ளே வெள்ளையாகக் கனன்றுகொண்டிருந்தது. இல்கா வசவை ஆரம்பித்தபடியே இன்னொரு விறகை உள்ளே தள்ளினாள்.

(இந்த இடத்தில் எனக்கு இல்கா மேல் சந்தேகம் வந்துவிட்டது. வாய் மாட்டேன் என்கிறது, கை விறகு வைக்கிறது. ஒரு பாத்திரம் இப்படி இருந்தால் திருத்தவேண்டும் என்றுதான் ரொம்பக் காலம் நினைத்திருந்தேன். ஏதாவது ஒன்றைச் செய், அம்மா. அவள் இரண்டையும் செய்தாள்.)

"மனசில்லேன்னா எதுக்கு அடுப்பு மூட்டினீங்க?"

"அப்பம் யாருக்கு?"

"கர்த்தருக்கு."

"அப்புறம் என்ன கேள்வி? அடுப்பு அவருக்கு. திட்டு உனக்கு."

கிசெல்லாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததற்கு வெட்கமாகவும் இருந்தது. உருளைக்கிழங்கு பிசைந்த மாவை உருட்டி உருட்டி மரத்துடுப்பில் வைத்தாள். இல்கா ஒவ்வொன்றாக உள்ளே விட்டாள். ஏழு அப்பம்.

4

இங்கிருந்து கதை எங்கே போகலாம்?

அ. கிசெல்லா காகிதத்தைக் கிழித்து நெருப்பில் போடுகிறாள். போதகர் பெயரை மட்டும் வாசிக்கிறார். நல்ல மனசுதான். ஆனால் டேனெஷ் மறுபடி எழுந்து நடந்த அன்றைக்கு கிசெல்லா வாக்குக் கொடுத்திருந்தாள், சபை நடுவில் வாய்விட்டுச் சொல்வேன் என்று. ஒளித்துவைத்த நன்றியை அவள் நன்றி என்று ஒத்துக்கொள்ளமாட்டாள்.

ஆ. ஞாயிற்றுக்கிழமை. போதகர் அப்பத்துக்கான காரணத்தை வாசிக்கிறார். பிறகு இன்னொரு காகிதம்: திராட்சரசம் கொடுத்தவர் இல்கா, மகனோடு வாழ்ந்த இருபத்திரண்டு வருஷத்துக்கு ஸ்தோத்திரமாக. சபை முழுக்க—

இதை நாலு பக்கம் எழுதினேன். நானே அழுதேன். காலையில் படித்தபோது அதில் இல்காவின் குரல் ஒரு இடத்திலும் கேட்கவில்லை. என் குரல்தான் கேட்டது.

ஆகவே, நான் கேட்டதை எழுதுகிறேன்.

5

அப்பம் வெளியே வந்துவிட்டது. மேலோடு கரியாகும் வரைக்கும் சுட்டு, பிறகு கட்டையால் தட்டித் தட்டிக் கரியை உதிர்த்து உள்ளே இருக்கிற பொன்னிறத்தைக் கொண்டுவருவதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். அந்தத் தட்டு தட்டு சத்தம் வேலி தாண்டி வந்தது. அதற்கு நடுவில் கிசெல்லா, திருவிருந்துக்கு முந்தின நாள் நாங்கள் எல்லோரும் ஒருவரிடம் ஒருவர் போய்ச் சொல்கிற வார்த்தையைச் சொன்னாள்.

"உங்களுக்கு எதிரா நான் ஏதும் பிழை செஞ்சிருந்தா மன்னிச்சிடுங்க அக்கா."

இதற்குப் பதிலும் எல்லோருக்கும் மனப்பாடம். கர்த்தர் மன்னிப்பார், நானும் மன்னித்தேன். மூன்று விநாடி வேலை.

"என்ன பிழை?" என்றாள் இல்கா.

"தெரியலை."

"தெரியாததை நான் எப்படி மன்னிக்க? உன் மகன் பொழச்சதையா? நகரு. மன்னிப்பு நான் கேக்கிறேன்." தட்டுகிற சத்தம் நின்றது. "அன்னிக்குக் காட்டுப்பாதை வாசல்ல நின்னோமே."

"நின்னோம்."

"ஒருத்தன் போயிட்டான், எவன்னு தெரியலைன்னு மேலேருந்து சொல்லி அனுப்பினாங்க."

"ஆமா."

"அரைமணி நேரம் உன் கையைப் பிடிச்சிட்டிருந்தேன். இல்கா அக்கா அன்னிக்கு என்னைத் தாங்கினாங்கன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறே."

"உண்மைதானே."

"உள்ளுக்குள்ள நான் ஜெபம் பண்ணிட்டிருந்தேன்டி. உன் மகனா இருக்கட்டும்னு. பேர் சொல்லிக் கேட்டேன். போனது டேனெஷா இருக்கட்டும்னு."

கட்டை இரண்டு தரம் தட்டியது. மறுபடி இல்காதான்.

"எனக்குப் பொறாமைன்னு நெனைச்சிட்டிருக்கே. இருக்கு, இல்லேங்கல. ஆனா அது இல்ல. அவன் தெருவுல நடந்து வரப்பல்லாம் நான் கேட்டதைத் தாண்டி நடந்து வரான். நாளைக்கு அந்தக் காரணத்தைக் காதால கேட்டுட்டு, அதே அப்பத்துக்கு நான் எப்படிக் கை நீட்ட? நீ மன்னிச்சாத்தான் நீட்டுவேன். முடியலேன்னா சொல்லிடு, பின்பெஞ்சுலயே உக்காந்துக்கறேன்."

6

இருபத்தாறு வருஷம் இந்த இரண்டு பேருக்கும் பின்னால் உட்கார்ந்து பாடியிருக்கிறேன். யார் சத்தமாகப் பாடுகிறார்கள், யார் ஜெபத்தில் கண்ணைத் திறந்து பார்க்கிறார்கள், யார் தானியத்தில் நல்லதைக் கொண்டுவருகிறார்கள். விசுவாசத்தை நான் இப்படித்தான் அளந்துகொண்டிருந்தேன். மடியில் அவரைக் கிண்ணத்தோடு, மண்டியிட வேண்டும் என்று தோன்றியது. அசைந்தால் கிண்ணம் சத்தம் போடுமே என்று பயந்து அப்படியே இருந்தேன். மோசே செருப்பைக் கழற்றின பரிசுத்த இடம் எங்கோ வனாந்தரத்தில் இருக்கிறது என்றுதான் அதுவரைக்கும்—

இல்லை. இந்த வாக்கியமும் வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை நான் கோவிலில்தான் இருந்தேன். காகிதத்தில் என்ன வாசிக்கப்பட்டது, பெண்கள் வரிசையில் யார் எழுந்தார்கள், யார் உட்கார்ந்திருந்தார்கள், எல்லாம் எனக்குத் தெரியும். எழுதப்போவதில்லை. அது என் கையில் வந்தால் மறுபடி நாலு பக்கமாகிவிடும். உங்கள் கையில் கொடுக்கிறேன். மன்னிப்பின் அந்த மனப்பாட வார்த்தையை கிசெல்லா வாயில் வைத்து முடிக்க வேண்டுமானால் முடித்துக்கொள்ளுங்கள். ஆனால் அதற்கு முன்னால் அவள் சொன்னதை நீங்கள் கேட்டாக வேண்டும். சூடான அப்பத்தின் மேல் துணியைப் போர்த்திவிட்டுச் சொன்னாள் என்று வைத்துக்கொள்வோம், அதை நான் பார்க்கவில்லை.

"அந்த அரைமணி நேரமும் நானும் அதையேதான் கேட்டேன் அக்கா, ஆரோன் பேரைச் சொல்லி."